கலியாண ஆல்பத்தில் இல்லாத தலை

என் தலைமுடியைப் பற்றி நான் முதன்முதலாகத் தீவிரமாக யோசித்தது கண்ணாடிக்கு முன்னால் அல்ல, ஒரு சிப்பாயின் பெருவிரலுக்கு முன்னால்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மொத்த வியாபாரியின் கணக்கைப் பார்த்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் பஸ்ஸை மறித்தார்கள். ஆண்கள் எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றோம். (அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெடியன் காற்சட்டை இல்லாமல் வெளியே போனாலும் போவான், ஐசி இல்லாமல் போகமாட்டான்.) என் முறை வந்தது. சிப்பாய்க்கும் என் வயதுதான் இருக்கும். அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான்.

“மே ஒயாத?” என்றான். இது நீதானா என்று.

“ஒவ், மம தமாய்,” என்றேன். ஓம், நான்தான் என்று.

அவன் நம்பவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. அட்டையில் இருந்தவன் பள்ளிக்கூடப் பெடியன். அவன் தலையில் ஒரு சிறு காடு இருந்தது. சீப்பைக் குத்திவிட்டால் அது விழாமல் நிற்கும். அந்தக் காடு எங்கே, முன்பக்கம் வெளித்து, உச்சியில் ஒரு சில்லறைக் காசளவு வட்டம் விழுந்து நின்ற நான் எங்கே?

“கொண்டே கோ?” என்றான். முடி எங்கே?

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்குப் பதில் இருக்கவில்லை. தமிழிலும் இருக்கவில்லை.

அப்போதுதான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். தன் பெருவிரலை மெதுவாகப் படத்தின் மேல் வைத்து, நெற்றிக்கு மேலே இருந்த முடி முழுவதையும் மறைத்தான். மறைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“ஆ! ஹரி, ஹரி. யன்ட.” சரி, போ.

புத்தியுள்ள எவனும் இதிலிருந்து எடுக்கக்கூடிய முடிவு ஒன்றுதான்: புதிதாக ஒரு படம் எடுத்துப் புது அட்டைக்கு விண்ணப்பிப்பது. நான் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலி நகருக்குப் போகும் காலி வீதியும் அதற்குப் பின்னால் துண்டு துண்டாகத் தெரிந்த கடலும் ஓட ஓட, வேறு முடிவெடுத்தேன். படத்தில் உள்ள முடியைத் திரும்ப வளர்ப்பது.

இந்த வைராக்கியத்துக்குக் காரணம் சிப்பாய் அல்ல. தாரணி.

தாரணி கனடாவில் இருந்தாள். எனக்குப் பேசியிருந்த பெண். அப்பா அம்மா வடக்கே ஊரில்; சண்டையால் பாதை பூட்டு, கொழும்புக்கு வரப் பாஸ் இல்லை. ஆகவே வெள்ளவத்தையில் என்னை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அக்காதான் சம்பந்தம் பேசினாள். பொருத்தம் பார்த்தாள், படமும் அனுப்பினாள். என்ன படம்? மூன்று வருடம் முந்தி ஒரு சிநேகிதனின் கலியாணத்தில் எடுத்த படம். அதில் நான் காற்றுக்கு எதிராக நிற்கிறேன், முடி பின்னால் பறக்கிறது. “உன்ர படங்களுக்குள்ளை மனிசர் மாதிரி இருக்கிறது இது ஒண்டுதான்,” என்று அக்கா அதைத்தான் உறைக்குள் வைத்தாள்.

சனிக்கிழமைகளில் பின்னேரம் தாரணி அக்கா வீட்டுக்கு போன் எடுப்பாள். எங்களுக்குக் கடல் இருட்டும் நேரம், அவளுக்குக் காலை. முதல் இரண்டு சனிக்கிழமையும் காலநிலை பற்றிக் கதைத்தோம். மூன்றாவதில் சிரித்தோம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமையே எனக்குச் சாப்பாடு இறங்காது. அவள் “ம்ம்” என்று சொல்கிற விதத்தில் கடைசி ம் கொஞ்சம் மேலே ஏறும். அதைக் கேட்பதற்காகவே தேவையில்லாத கதைகளை எல்லாம் அவளுக்குச் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை சொன்னாள்: “அம்மா உங்கட படத்தைப் பார்த்திட்டு என்ன சொன்னவா தெரியுமே? இவருக்குப் பிறக்கிற பிள்ளையளுக்கு எண்ணெய் வாங்கியே குடும்பம் நொடிச்சுப் போகுமாம்.”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உச்சியைத் தடவினேன். வட்டம் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

“உண்மையைச் சொல்லு,” என்றாள் அக்கா, போனை வைத்ததும்.

“கலியாணத்துக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு, அக்கா. அதுக்குள்ளை வளர்த்துக் காட்டுறன்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் வீட்டின் முந்தைய வரலாறு முழுவதும் இருந்தது. குளியலறை வாளியில் நான் தொடங்கிய அலங்கார மீன் வளர்ப்பு, ஒலிநாடா வைத்துப் பிரெஞ்சு படித்தது, மொட்டைமாடியில் காளான்... எல்லாம் “ஆறு மாசத்திலை பாருங்கோ” என்று தொடங்கியவைதான்.

பம்பலப்பிட்டியில் ஒரு தோல் வைத்திய நிபுணரிடம் இலக்கம் எடுத்துப் போனேன். மனிதருக்கு அறுபது வயதிருக்கும். தலையில் கரிய, அடர்ந்த, அலையலையான முடி. (மொட்டை டொக்டராக இருந்திருந்தால் கொஞ்சம் மனம் விட்டுக் கதைத்திருப்பேன்.) அவர் என் தலையைக் குனியச் சொல்லி, லைட்டைக் கிட்டப் பிடித்து, சந்தையில் தேங்காய் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“தகப்பனுக்கு முடி இருக்கோ?”

“இல்லை, டொக்டர்.”

“தாயின்ர சகோதரங்களுக்கு?”

“ஒரு மாமாவுக்குக் காதிலை இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார். ஆணின் உடம்பில் உள்ள ஒரு ஹோர்மோன், பரம்பரையாக அதற்கு இடங்கொடுக்கிற தலைகளில், முடியின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குமாம். வேர் உடனே சாவதில்லை, மெலிகிறது. முடியும் மெலிந்து மெலிந்து கடைசியில் பூனைமுடி ஆகிவிடும். தொப்பி போடுவதாலோ, உப்புத் தண்ணீராலோ, கணக்குப் பரீட்சைக்குப் படிப்பதாலோ வருவதில்லை. (மூன்றையும் நான்தான் கேட்டேன்.)

“இப்ப லோஷன் ஒண்டு இருக்கு. காலமை ஒருக்கா, இரவு ஒருக்கா, காய்ஞ்ச தலையிலை ஒரு மில்லிலீற்றர். அவ்வளவுதான். உச்சியிலை ஓரளவு பிடிக்கும். முன்னுக்குப் போனது வரும் எண்டு நான் சொல்லமாட்டன். நாலு மாசத்துக்கு முன்னம் ஒண்டும் தெரியாது. விட்டீரெண்டால் வந்ததும் போயிடும். விளங்குதோ?”

“விளங்குது, டொக்டர். வேறை?”

“விழுங்கிற குளிசை இருக்கு. அந்த ஹோர்மோனையே குறைக்கும். ஒரு நாளைக்கு ஒண்டு. ஆனால் சில பேருக்கு,” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், “தாம்பத்திய ஆசை கொஞ்சம் குறையிறதும் உண்டு. நிப்பாட்ட அநேகமாச் சரி வரும். கலியாணம் எப்ப எண்டு சொன்னீர்?”

“ஆறு மாசத்திலை.”

“அப்ப யோசிச்சுச் சொல்லும்.”

நான் யோசிக்கவே இல்லை. லோஷன் என்றேன். பின்தலை முடியைப் பிடுங்கி முன்னால் நடுகிற சத்திரசிகிச்சை பற்றியும் சொன்னார். அதற்குக் கடல் தாண்டிப் போகவேண்டும். கடல் தாண்டுகிற வசதி இருந்தால் நான் ஏன் அங்கே இருக்கிறேன்?

எழுந்து கதவைத் திறந்தபோது டொக்டர் கூப்பிட்டார். “தம்பி, ஒண்டும் செய்யாமல் விடுறதும் ஒரு வைத்தியம்தான். இது வருத்தம், நோய் எண்டில்லை. இன்னொண்டு, துவங்கின முதல் ரெண்டு மாசம் கூடக் கொட்டும். பயந்து போடாதையும். பழசு விழுந்து புதுசுக்கு இடம் விடுது.”

கடைசியில் சொன்னதை நான் கேட்டேனா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. மருந்துக்கடை பூட்ட முந்திப் போகவேண்டும் என்ற அவசரத்தில் பாதி உடம்பு ஏற்கனவே வெளியே இருந்தது.

இப்போது என் கணக்கறிவு வேலை செய்யத் தொடங்கியது. இரண்டு தரம் பூசினால் நாலு மாதம் என்றால், நாலு தரம் பூசினால் இரண்டு மாதம். இதில் என்ன பிழை? காலையில் பூசினேன். அலுவலகக் கழிவறையில் பூசினேன். பின்னேரம் பூசினேன். படுக்கும்போது, ஒரு மில்லிலீற்றர் என்பதைக் கொஞ்சம் தாராளமாக அளந்து, தலையணை நனையப் பூசினேன். கொழும்பு வெயிலையும் வியர்வையையும் டொக்டர் கணக்கில் எடுத்தாரோ தெரியாது, நான் எடுக்கவில்லை. தலையில் விட்டது தலையில் நிற்கவில்லை. நெற்றியால், கன்னத்தால் வழிந்து, ஷேர்ட் கொலருக்குள் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் வாரம் முடி கொட்டத் தொடங்கியது. கொட்டியது என்றால் அப்படிக் கொட்டியது! அத்தான் குளியலறையில் இருந்து துவாயோடு வெளியே வந்து, “அடைச்சுப்போச்சு. தண்ணி கணுக்கால் மட்டும் நிக்குது,” என்று சொல்லி, ஒரு தடியால் குத்தி எடுத்துக் காட்டினார். பார்க்க ஒரு எலிக்குஞ்சு போல இருந்தது.

பயத்தில் ஐந்தாவது தரமும் பூசினேன். நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. தாரணியின் போன் வருவதற்கு முந்திப் படபடப்பது வழக்கம். ஆனால் இது செவ்வாய்க்கிழமை. டொக்டரிடம் ஓடினேன். அவர் என் நாடியைப் பிடித்துப் பார்த்து, எத்தனை தரம் பூசுகிறேன் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் பேனையைக் கீழே வைத்தார்.

“இது பயிருக்குத் தண்ணி விடுறதெண்டு நினைச்சீரோ? இரத்த அமுக்கத்துக்குக் குடுத்த மருந்திலை இருந்துதான் இதைக் கண்டுபிடிச்சவங்கள். ரெண்டு தரம்! அதுக்கு மேலை ஒரு துளி போட்டால் என்னட்டை வரக்கூடாது.”

இரண்டு தரம் ஆக்கினேன். படபடப்பு நின்றது. ஆனால் முந்தி விட்ட பாசனத்தின் விளைச்சல் அப்போதுதான் தெரியத் தொடங்கியது. முடி வந்தது! இடம்தான் பிழை. லோஷன் வழிந்த வழியெல்லாம் முளைத்திருந்தது. இரண்டு புருவமும் தடித்து, ஒன்றையொன்று தொட முயன்றன. கன்னத்து எலும்பில் மெல்லிய கரும்புல். நெற்றியின் இரண்டு ஓரத்திலும் பஞ்சு. உச்சியில் மட்டும், டொக்டர் சொன்னது போல, ஓரளவு. மிக மிக ஓரளவு.

அக்கா ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். “டேய் நேசன், தலையிலை நடச் சொன்னதை வரம்பெல்லாம் நட்டு வைச்சிருக்கிறாய்.”

ஆறு மாதம் முடிந்தது. தாரணி வந்தாள்.

விமான நிலையத்துக்கு வான் பிடித்துப் போனோம். நானும் அக்காவும், சிங்களச் சாரதி ஒருவரும். தலையில் புதுத் தொப்பி. என் திட்டம் எளிது: முதலில் தொப்பியோடு பழகட்டும், மெல்ல மெல்ல உண்மையைச் சொல்லலாம். அவள் பெட்டி தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கூட்டத்துக்குள் தேடி, என்னைக் கடந்து போய், ஒரு அடர்ந்த முடிக்காரனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் பயந்துவிட்டான். நான் “தாரணி” என்றேன். அவள் சட்டென்று திரும்பினாள். குரலுக்குத்தான் திரும்பினாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

வரும் வழியில், நீங்கள் ஊகித்திருப்பீர்கள், மறித்தார்கள். வேறு சாவடி, வேறு சிப்பாய். ஆனால் எல்லோரையும் ஒரே இடத்தில்தான் பழக்குகிறார்களோ என்னவோ. தொப்பியைக் கழற்றச் சொன்னான். கழற்றினேன். அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “கொண்டே கோ?” என்றான். பிறகு பெருவிரலை வைத்தான்.

சாரதி வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். தாரணிக்குச் சிங்களம் தெரியாது. பதறிப்போய், “என்ன கேக்கினம், அக்கா? ஏதும் பிரச்சினையோ?” என்றாள்.

என் அக்கா, என் சொந்த அக்கா, அப்படியே மொழிபெயர்த்தாள்: “தலைமயிர் எங்கை எண்டு கேக்கினம், பிள்ளை.”

தாரணி என் தலையைப் பார்த்தாள். அட்டையில் இருந்த விரலைப் பார்த்தாள். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. வானுக்குள் ஏறியும் சிரித்தாள். களனி ஆற்றுப் பாலம் தாண்டும் வரை சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: “குரல் அதேதான். எனக்கு அது போதும். தொப்பியை இஞ்சை தாங்கோ, என்ர மடியிலை வைக்கிறன். வேர்த்து ஒழுகுது உங்களுக்கு.”

இதைவிட ஒரு பெண் என்ன சொல்லவேண்டும்? மரமண்டை எனக்கு அது விளங்கியிருக்க வேண்டும். நானோ, அவள் இரங்கித்தான் சொல்கிறாள் என்று நினைத்து, தொப்பியை இன்னும் கீழே இழுத்து விட்டேன்.

கலியாணம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை உண்டல்லவா? அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாக என் முன்னோர்களில் ஒருவர்தான். காலையில் அத்தான் அதை என் தலையில் வைத்ததும், ஆறு மாதத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நடந்தேன். தாலி கட்டியதும் சடங்கு முடிந்தது, கழற்றலாம் என்றார்கள். நான் கழற்றவில்லை. சாப்பிடும்போதும் கழற்றவில்லை. பதிவுக்குக் கையெழுத்து வைக்கும்போதும் கழற்றவில்லை.

படம் எடுத்த முஸ்லிம் அண்ணர், எல்லோருக்கும் நானா, கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், பொறுமைசாலி. அவரே கடைசியில் சொல்லிவிட்டார்: “மாப்புள, ஒரு படமாவது அதக் கழட்டிட்டு எடுப்பமே. எல்லாப் படத்திலயும் தலப்பா மட்டுந்தான் இரிக்கு.”

தாரணியும் பக்கத்தில் குனிந்து கேட்டாள். “ஒண்டே ஒண்டு. உங்கட தலையோட. எனக்குக் கொண்டுபோக.”

“முளைச்ச பிறகு எடுப்பம்,” என்றேன்.

அவள் கமராப் பக்கம் திரும்பினாள். நானா படக்கென்று எடுத்தார்.

அடுத்த நாட்களில் கோல்ஃபேஸ் கடற்கரையில் எடுத்த படத்தில் தொப்பி. மிருகக்காட்சிச்சாலையில் குடை. ஒரு படத்தில், குடையைக் காற்று கொண்டுபோன பதற்றத்தில், அவளுடைய கைப்பையையே தலைக்குமேல் பிடித்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அவள் கேட்டாள். ஒவ்வொரு தரமும், “முளைச்ச பிறகு.”

லீவு முடிந்து அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் என்னைப் போன்ற எத்தனையோ பேர் செய்வதை நானும் செய்தேன். காத்திருந்தேன். ஸ்பொன்சர் கடிதாசிகள் அங்கே போய், இங்கே வந்து, மறுபடி அங்கே போயின. பின்னேரங்களில் ரயில் பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருப்பேன். இரத்மலானையில் இருந்து எழும்பும் விமானங்கள் எல்லாம் வடக்கே போகும். ஒன்றாவது வழி தவறி அத்திலாந்திக் பக்கம் திரும்பாதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். குளியலறைத் தட்டில் அவள் விட்டுப்போன அரைப் போத்தல் ஷாம்பூ இருந்தது. பாவிக்க என்னிடம் முடி இல்லை. மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு மூடி வைப்பேன். அத்தான் ஒருநாள் அதைத் தெரியாமல் எடுத்துத் தலையில் தேய்த்துவிட்டார். அவரோடு இரண்டு நாள் நான் கதைக்கவில்லை. அவர் வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் அவள் நடப்பதுபோல இருந்தது. அது இன்னும் கொடுமை.

லோஷனையும் விட்டுவிட்டேன். பார்க்க ஆள் இல்லாத தலைக்கு எதற்கு? டொக்டர் சொன்னபடியே வந்ததெல்லாம் போனது. உச்சியில் வந்த கொஞ்சம் போனது. புருவம் இளைத்தது. கன்னத்துப் புல், நெற்றிப் பஞ்சு எல்லாம் விடைபெற்றன. ஒரு காலை முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணாடியில் ஊரில் இருக்கும் அப்பா நின்றார்.

கனடா விசா நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கலியாணம் நடந்ததற்கு ஆதாரம் கொண்டு வரும்படி சொல்லியிருந்தார்கள். ஆல்பத்தைச் சுமந்துகொண்டு போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மா. மூக்கு நுனியில் கண்ணாடி. இந்தப் பக்கம், எனக்குப் பின்னால், தங்கள் முறைக்காக ஒரு மண்டபம் நிறையச் சனம்.

அதிகாரி மரியாதையான மனிதர். அடையாள அட்டையைப் பார்த்தார். கடவுச்சீட்டைப் பார்த்தார். (அதிலும் காட்டோடுதான் இருந்தேன்.) ஆல்பத்தைத் திறந்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம்... மெதுவாகப் புரட்டியவர் போகப் போக வேகமாகப் புரட்டினார். கடைசியில் கைப்பைப் படத்தில் நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் ஏதோ சொன்னார்.

அம்மா தொண்டையைச் செருமினார். “தம்பி, இந்த ஆல்பத்திலை உங்கட தலை இல்லையாம்.”

“தலைப்பாகைக்குள்ளை இருக்கு, அம்மா.”

அவர் மொழிபெயர்த்தார். அதிகாரி அட்டையையும் ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார். அட்டையில் காட்டுக்காரன். ஆல்பத்தில் தடித்த புருவமும் கன்னத்தில் பஞ்சுமாக ஒரு தலைப்பாகைக்காரன். முன்னால் வழுவழுப்பான நான்.

“இதிலை ஆரை அந்தப் பிள்ளை கலியாணம் முடிச்சது எண்டு கேக்கிறார்.”

இங்கே தவறினால் இன்னும் எத்தனை சனிக்கிழமை போனோடு மட்டும்! அந்தப் பயத்தில்தான் அந்த யோசனை வந்தது. சட்டைப்பையில் இருந்து பெரிய கைலேஞ்சியை எடுத்தேன். போதவில்லை. கழுத்துப் பட்டியையும் கழற்றினேன். இரண்டையும் சேர்த்து, மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, என் தலையில் ஒரு தலைப்பாகை கட்டினேன். கட்டிவிட்டு, கலியாணப் படத்தில் நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி, கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தேன்.

பின்னால் யாரோ ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

அதிகாரி ஆல்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். மிகவும் வருத்தத்தோடு சொன்னார். அம்மா இன்னும் வருத்தத்தோடு மொழிபெயர்த்தார்: “முந்தியாவது கொஞ்சம் முகச்சாடை இருந்ததாம். இப்ப துப்புரவா இல்லையாம். புருவம் வேறையாம், நெத்தி வேறையாம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, தன் பாட்டில் ஒன்று சேர்த்தார்: “அவிட்டுப் போடுங்கோ, ராசா. எல்லாரும் பாக்கினம்.”

லோஷனால் முளைத்த புருவம் பற்றி விளக்கத் தொடங்கினேன். வேர் சுருங்குவதில் தொடங்கி இரத்த அமுக்கம் வரை போனேன். அம்மா அரைவாசியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். அதிகாரி கையை உயர்த்தினார். மறுப்பு இல்லை. மேலதிக ஆதாரம் வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும், முகம் தெளிவாகத் தெரியும் படங்கள். கிடைத்ததும் மறுபடி கூப்பிடுவார்கள்.

வீட்டுக்குப் போக மனமில்லை. நேரே காலி வீதியில் ஒரு தொலைபேசிக் கடைக்குள் போய், சனிக்கிழமையாக இல்லாதபோதும், அங்கே என்ன நேரம் என்று பார்க்காமலும், அவளுக்கு எடுத்தேன். நித்திரைக் குரலில் எழும்பினாள். டொக்டர், லோஷன், குளிசை தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கைலேஞ்சியைச் சொன்னேன், கழுத்துப் பட்டியைச் சொன்னேன், அழுத குழந்தையைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

“தாரணி, அழுறீரோ?”

அழவில்லை. வாயைத் தலையணையில் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்துக் கொஞ்சநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு அந்தச் சிரிப்பெல்லாம் வடிந்த குரலில் சொன்னாள்:

“எங்கட கலியாணப் படம் ஒண்டை இஞ்சை கட்டிலுக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறன். பார்க்க ஆரோ நாடக நடிகர் மாதிரி இருக்கிறீங்கள். படுக்க முன்னம் என்ன செய்யிறனான் தெரியுமே? பெருவிரலாலை அந்தத் தலைப்பாகையை மறைச்சுப் பிடிப்பன். அப்பதான் நீங்கள் வாறனீங்கள்.”

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நெற்றியைச் சுவரில் சாய்த்தேன். கடைக்காரர் கண்ணாடிக் கதவில் தட்டி, சுகமில்லையா என்று கையால் கேட்டார்.

“அந்தக் குளிசை ஏதும் போட்டனீங்களோ?” என்றாள் திடீரென்று.

“இல்லை.”

“நல்லது,” என்றாள். “ம்ம்” என்றும் சொன்னாள். கடைசி ம் மேலே ஏறியது.

இதெல்லாம் நடந்து இப்போது ஏழெட்டு மாதமாகிறது. எங்கள் வீட்டில் “முளைச்ச பிறகு” என்பது ஒரு தனிப் பாஷையாகிவிட்டது. ஒழுகுகிற குழாயை எப்போது திருத்துவீர்கள் என்று அக்கா கேட்டால் அத்தான் அப்படித்தான் பதில் சொல்வார். என் கணக்குப் பரீட்சை முடிவு எப்போது வரும் என்று பக்கத்து வீட்டார் கேட்டால் அக்கா அப்படிச் சொல்வாள். பாதை எப்போது திறக்கும் என்று யாராவது கேட்டாலும் அதே பதில்தான். அதற்கு மட்டும் ஒருவரும் சிரிப்பதில்லை.

வருகிற மாதம் தாரணி மறுபடி வருகிறாள். கலியாணச் சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டாளாம். என் பட்டு வேட்டியை அக்கா வெயிலில் போட்டு எடுத்திருக்கிறாள். நானாவிடம் நேற்றுக் கொட்டாஞ்சேனைக்குப் போய் நாள் சொல்லிவிட்டு வந்தேன். “எத்தின படம், மாப்புள?” என்றார். ரோல் முடியும் வரை என்றேன். தலைப்பாகை அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, இறக்குவதாக இல்லை. இனி அதிகாரிக்கும் ஒரு தெளிவான முகம் கிடைக்கும். அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

நேற்று ஸ்டூடியோவில் இருந்த நேரத்தில் நானாவைக் கொண்டு ஒரு படமும் எடுப்பித்தேன், புதிய அடையாள அட்டைக்கு. அவர் விளக்கைப் போட்டதும் தலை பளிச்சென்று மின்னியது. பவுடர் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே எடுங்கள் என்றேன்.

விமான நிலையத்துக்குத் தொப்பி இல்லாமல் போகப்போகிறேன். வரும் வழியில் மறிப்பார்கள். மறிக்கட்டும். புது அட்டை கையில் இருந்தால் சிப்பாய்க்கு விரல் வைக்க வேலை இராது. தாரணி கேட்டால் மட்டும் தலையைக் குனிந்து கொடுப்பேன். இவ்வளவு காலமும் படத்தில் வைத்த பெருவிரலை ஒருமுறை இங்கே வைத்துப் பார்க்கட்டும்.